பில்லையம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியும்

ஒரு பித்தளைத் தகட்டில் இருக்கும் எழுத்தைப் படிக்க பாரிஸிலிருந்து திருவண்ணாமலை வரை போய்வந்தேன் என்றால் என் வீட்டுக்காரர் இன்னும் நம்ப மறுக்கிறார். படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதாதா என்கிறார். அனுப்பத்தான் செய்தார்கள். படத்தில் இருந்தது முக்கால்வாசி குங்குமம். அதற்குள் புதைந்த மாதிரி இரண்டு மிருகங்கள், கீழே ஓரமாக ஐந்து ஆங்கில எழுத்துகள். அந்த ஐந்தையும் கூட்டிப் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'த்ருவா' என்று இருந்தது. அது பிரெஞ்சுச் சொல்.

அனுப்பியவள் கற்பகம். ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தன் வீட்டு மாடியில் நாலு அறை போட்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். நான் புதுச்சேரியில் பிறந்து, கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவள். அங்கே கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். கோடை விடுமுறைக்குத் தாய்வீடு வந்தால் சில நாள் கற்பகத்தின் மாடியில் தங்கி மலையைச் சுற்றிவிட்டுப் போவது பழக்கம். இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். முழங்கால் சரியில்லை. ஆனால் படத்தோடு குரலும் வந்தது.

"அக்கா, இது எங்க அம்மா வூட்டு சாமி. இது மேல இன்னா எழுதிருக்குனு படிச்சுச் சொல்லணும். ஆடி வெள்ளிக்குள்ள வந்துடுக்கா" என்று கேட்டிருந்தாள். கற்பகம் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. கிளம்பிவிட்டேன்.

விமானத்தில் சைவச் சாப்பாடு என்று சொல்லி வெந்த கேரட்டை வைத்தார்கள். கேரட்டின் மேல் கேரட் குழம்பு. பிரெஞ்சுக்காரர்கள் சமையலில் மன்னர்கள் என்று உலகமே சொல்கிறது, சைவம் என்று காதில் விழுந்ததும் மட்டும் அவர்களுக்குக் கை உதறுகிறது. புதுச்சேரியில் அண்ணன் வீட்டில் ஒரு ராத்திரி தூங்கி, மறுநாள் காலை பஸ் ஏறியபோது தயிர் சாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அதில்தான் உயிர் திரும்பியது.

செஞ்சி தாண்டியதும் பஸ் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். வேலை இல்லாதவளுக்குப் படிக்கிறதுதான் வேலை. போகிற வருகிற வண்டிகளின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தேன். கடலை மூட்டை ஏற்றிய வேனில் 'அண்ணாமலையார் துணை'. டிராக்டரில் 'அப்பா அம்மா ஆசி'. ஒரு தண்ணீர் லாரியில் 'முறைக்காதே, முந்து'. தாலுகா ஆபீஸ் ஜீப் ஒன்று கோபுரச் சின்னத்தோடு 'வாய்மையே வெல்லும்' என்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ராஜாக்கள் கேடயமும் மிருகமும் வரைந்து கீழே ஒரு வாசகம் எழுதி வைத்துக்கொள்வார்களே, அந்த வழக்கம் ஐரோப்பாவில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. நம் ஊரில் மினி வேன் வைத்திருக்கிறவனுக்கும் ஒரு வாசகம் உண்டு.

பாரிஸ் நகரத்துக்கும் ஒரு சின்னம் இருக்கிறது, ஒரு கப்பல். அலைக்கழியும், ஆனால் மூழ்காது என்று அதன் கீழே லத்தீனில் போட்டிருப்பார்கள். எங்கள் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும். இதைப் பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூர்க்காரர், விதைக்கடலை வாங்கிக்கொண்டு போகிறார். பிரான்சு கவர்மெண்ட்டுக்கு என்ன வாசகம் என்று கேட்டார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றேன். விதைக்கடலைப் பையைக் கீழே வைத்தார்.

"அங்க அண்ணன் தம்பிக்குள்ள தகராறே வராதுங்களா?" என்றார்.

அதற்குள் டயர் மாற்றிவிட்டார்கள். நான் தப்பித்தேன்.

திருவண்ணாமலையில் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் ஆசிரமமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். காட்டன் சேலை கட்டி, குட்டை முடியோடு, சக்கரம் வைத்த பெட்டி இழுத்தால் அந்த ஊரில் அப்படித்தான். நான் தமிழில் பேரம் பேசியதும் அவர் முகம் வாடிவிட்டது. செங்கம் ரோட்டில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. குருவாசான் என்று பலகை, பிரெஞ்சுக்காரர்கள் காலையில் தின்னும் பிறை வடிவ ரொட்டி. ஆசைப்பட்டு ஒன்று வாங்கிக் கடித்தேன். நல்ல பன். குருவாசானும் ஒரு பன்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கற்பகம் மாடி அறைக்காரர்களுக்கு உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்துப் போடுவாள். எனக்கென்று தனியாகக் கத்தரிக்காய் காரக்குழம்பும் வேர்க்கடலைத் துவையலும் வைத்திருந்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னாள்.

அவள் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டவன். அது பழைய கதை. புதிய கதை, மாடியில் மூன்று வருஷம் தங்கியிருந்த போலந்துக்காரர். எழுபது தாண்டியவர், மலையைப் பார்த்தபடியே காலத்தை முடிக்கிறேன் என்று வந்தவர். மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து, கீழே தன் கூடத்தில் கட்டில் போட்டு, அவருடைய தங்கை மகன் வந்து அழைத்துப் போகும்வரை இவள்தான் பார்த்துக்கொண்டாள். ஊட்டிவிட்டாள். மூத்திரத் துணி மாற்றினாள். ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக் கூடத்தில் வெள்ளைக்காரன் படுத்திருக்கிறான் என்று அவள் பிறந்த ஊரில் பேச்சு போய்விட்டது. ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கம். பேச்சுக்குப் பஸ்கூடத் தேவைப்படவில்லை.

அவர்கள் வீட்டில் ஆடி வெள்ளியன்று சாமிக்குக் கூழ் ஊற்றுவார்கள். முதல் குடத்தை அந்த வீட்டில் பிறந்த பெண்தான் சாமி அறையிலிருந்து தலையில் சுமந்துபோய்த் தெருமுனையில் இருக்கும் அண்டாவில் ஊற்றவேண்டும். அதற்குப் பிறகுதான் ஊருக்கே கூழ். அந்த வீட்டில் பிறந்த பெண் கற்பகம் ஒருத்திதான். போன வருஷம் அவளைக் கூப்பிடவில்லை. அண்ணி தூக்கினாளாம். இந்த வருஷம் அண்ணன் ஏழுமலை போன் பண்ணியிருக்கிறார். வா, ஆனால் குடத்தைத் தூக்கும் முன் எல்லோர் எதிரிலும் பில்லையம்மா மேல் கைவைத்து, என் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சத்தியம் செய்துவிடு. அதற்குமேல் ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான் என்று.

செய்யாவிட்டால்? செய்யாவிட்டால் அந்த வீட்டு வாசல் அவ்வளவுதான். அவளே அப்படிச் சொன்னாள்.

பில்லையம்மா என்பதுதான் படத்தில் வந்த சாமி. அந்தக் காலத்தில் கோர்ட்டு, கச்சேரிகளில் சேவகர்கள் மார்பில் குறுக்காக டவாலி கட்டி அதில் பித்தளைத் தகடு ஒன்றைப் பதித்திருப்பார்கள். அதற்குப் பில்லை என்று பெயர். கற்பகத்தின் கொள்ளுத்தாத்தா அப்படி ஒரு பில்லைச் சேவகர். எந்தக் கோர்ட் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அவர் போனபின் தகட்டைத் தூக்கிப்போட மனமில்லாமல் மாடத்தில் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒரு நாள் பொட்டு வைத்திருக்கிறார்கள். பொட்டு வைத்ததை நம் ஆட்கள் அப்புறம் சும்மா விடுவார்களா?

கற்பகம் விரலால் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகக் காட்டினாள். இந்தப் பக்கம் சிங்கம், அது அம்மன் வாகனம். அந்தப் பக்கம் குதிரை, நெற்றியில் வேல், அது முருகன். குதிரை கழுத்தில் சங்கிலி, அது சங்கிலிக் கருப்பன். நடுவில் இருக்கும் கட்டங்களில் ஒன்றில் வீணை, அது சரஸ்வதி. சுற்றி ஒட்டியாணம். மேலே கிரீடம். குறை என்று ஒன்றும் இல்லை.

எனக்குப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அது இங்கிலாந்து ராஜாவின் சின்னம். குதிரை என்பது நெற்றியில் ஒற்றைக் கொம்புள்ள ஒரு கற்பனை மிருகம். வீணை என்பது அயர்லாந்தின் யாழ். சொன்னேன். அப்போ சாமி இல்லையா என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. எங்கப்பா இது மேல் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன் என்று கிணற்றோரத்து நிலத்தையே விட்டுக்கொடுத்தவர் என்றாள். பிறகு இப்படிச் சொன்னாள்:

"நான் சத்தியம் பண்ண பயப்படலக்கா. ஆனா எது மேல பண்றேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

நான் சத்தியங்களைக் கேட்டே பிழைக்கிறவள். பிரெஞ்சுக் கோர்ட்டில் வலது கையைத் தூக்கி உறுதி சொன்னால் போதும், எதன் மேலும் கை வைக்க வேண்டியதில்லை. காற்றில் தூக்கிய அந்தக் கைகள் சொன்ன பொய்களை எத்தனை வருஷமாக இரண்டு மொழியிலும் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். தன் மேல் கைவைத்து யாரும் பொய் சொல்லாத ஒரு பித்தளைத் தகட்டை எனக்குப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

இன்னொன்றும் மனதில் ஓடியது. அந்தச் சின்னத்தில் இரண்டு வாசகம் உண்டு. ஒன்று அடியில், நாடாவில். படத்தில் தெரிந்த ஐந்து எழுத்து அதன் வால். இன்னொன்று கேடயத்தைச் சுற்றி, இவர்கள் ஒட்டியாணம் என்று சொல்லும் இடத்தில் இருக்கும். சில தகடுகளில் இருக்காது, இருந்தாலும் தேய்ந்து போயிருக்கும். படத்தில் அந்த இடம் முழுக்கக் குங்குமம். கண்ணால் பார்க்காத எழுத்தைப் படித்ததாகச் சொல்வது என் தொழிலில் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை புளிபோட்டுத் தேய்த்த பிறகுதான் சாமி வெறும் முகமாக இருக்குமாம். அப்போது பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இருக்கவேண்டுமே என்று அன்று முழுக்க வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மலையைச் சுற்றக் கிளம்பினோம். பாதி வழியில் முழங்கால் மறுத்துவிட்டது. ஒரு சாமியார் பக்கத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்தேன். எந்த நாடு என்று கேட்டார். பிரான்சு என்றதும், அங்கே குளிர் ஜாஸ்தியா பக்தி ஜாஸ்தியா என்றார். குளிர் என்றேன். அப்போ இங்கேயே இருந்துடுங்க, இங்கே ரெண்டும் கம்மி என்று சிரித்தார். கற்பகம் சிரிக்கவில்லை. அவள் மலையைப் பார்த்தபடி இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நிற்க இடமில்லை. எல்லாக் கூடையிலும் வேப்பிலை. கீழ்பென்னாத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். ஆட்டோவில் ஏற்கெனவே ஒரு கருவாட்டு மூட்டை உட்கார்ந்திருந்தது. கூழுக்கு ஊற்றும் குழம்புக்காம். ஊர் வரும்வரை என் மடியில்தான் அது வந்தது. பாரிஸில் வாங்கிய என் கைப்பை இன்றுவரை அந்த வாசனையை விடவில்லை.

ஏழுமலை கெட்டவர் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஐம்பது வயதுக்காரர், வெயிலில் கறுத்த முகம். என்னை வாங்க என்று கும்பிட்டு, மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டார். தங்கச்சியைப் பார்த்துச் சாப்டியா என்று கேட்டார், ஆனால் கண்ணைப் பார்த்துக் கேட்கவில்லை. கற்பகம் உள்ளே போனதும் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அத்தையைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்களாம். வருகிறவனிடம் எல்லாம் சண்டை போட முடியுமா, ஒரு சத்தியம் பண்ணிவிட்டால் அதையே பதிலாகச் சொல்லிவிடலாம் என்றார். தங்கச்சிக்குக் கேடயம் செய்து தருவதாகவே அவர் நினைத்திருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

சாமி அறையில் அண்ணி தனலட்சுமி புளியால் தேய்த்து முடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். உறவுக்காரர்கள் கூடத்தில் நிறைந்துவிட்டார்கள். ஏழுமலை தங்கச்சியைக் கூப்பிட்டார். கற்பகம் வந்து நின்று, பண்றேன், ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த அக்கா முதலில் படிக்கட்டும் என்றாள். முணுமுணுப்பு எழுந்தது. ஏழுமலை யோசித்துவிட்டு, படிக்கட்டும், நமக்கும் தெரியட்டும் என்றார். அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. நாலு தலைமுறையாகக் கும்பிட்டும் சாமி என்ன சொல்கிறது என்று தெரியாது.

தகடு உள்ளங்கை அகலம். புளிபட்டுத் தங்கமாக மின்னியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தேன். ஒட்டியாணத்தில் எழுத்து இருந்தது. கூடவே பெல்ட்டில் இருப்பது போல ஒரு கொக்கியும் இருந்தது.

அடியில் உள்ளதை முதலில் படித்தேன். தெய்வமும் என் பாத்தியமும் என்று சொன்னேன். அந்த 'த்ருவா'வுக்கு உரிமை, சட்டம், வலது என்று மூன்று பொருள் உண்டு, ராஜா உரிமையைத்தான் சொல்கிறார் என்று விளக்கினேன். எல்லோருக்கும் பரம திருப்தி. சாமிக்குப் பொருத்தமான பேச்சு என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இங்கிலாந்து ராஜா பிரெஞ்சில் ஏன் எழுதினார் என்று ஏழுமலை கேட்டார். அவர்கள் முப்பாட்டன்கள் வீட்டில் பேசியது பிரெஞ்சுதான் என்றேன்.

அடுத்ததைச் சொல்ல எனக்குத் தயக்கம். கற்பகத்தோடு சேர்ந்து ஜோடித்துக்கொண்டு வந்ததாக நினைப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். கோர்ட்டில் செய்வது போலவே செய்தேன். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் உரக்கப் படித்தேன். பிறகு கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

"இதைத் தப்பாக நினைக்கிறவன் எவனோ, வெட்கம் அவனுக்கே."

அதெப்படி இதுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்வி. அதனால் அந்த வாசகத்துக்குச் சொல்லப்படும் கதையையும் சொன்னேன். ஒரு ராஜா காலத்தில் அரண்மனை ஆட்டத்தில் ஒரு பெண்ணின் உடைக்குள் காலுறையைப் பிடித்துக் கட்டும் வார் அவிழ்ந்து கீழே விழுந்தது. சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜா குனிந்து அதை எடுத்துத் தன் காலிலேயே கட்டிக்கொண்டு இப்படிச் சொன்னாராம். நடந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது, நீங்கள் ஒட்டியாணம் என்று சொல்வது அந்த வார்தான் என்றேன். தனலட்சுமி கையிலிருந்த குங்குமக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கற்பகம் இரண்டடி முன்னால் வந்தாள். கை வைக்கப்போகிறாள் என்று எல்லோரும் நகர்ந்து வழி விட்டார்கள். அவள் கை வைக்கவில்லை.

"நான் பண்றேண்ணா. ஆனா இதுல எழுதிருக்கிறது எனக்கில்ல, நினைக்கிறவங்களுக்கு. தப்பா நினைக்கலைனு மொதல்ல நீ வெச்சுச் சொல்லு. அப்புறம் நான் வெக்கிறேன்."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். ஏழுமலை துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தகட்டுக்கு எதிரே வந்து நின்றார். வலது கையை நீட்டினார். ஒரு சின்னச் சொல்தான், சொல்லிவிட்டால் எல்லாம் சுமுகமாகிவிடும். நான் பார்த்த எத்தனையோ பேர் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அவர் கை தகட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது. அப்படியே நின்றது. பிறகு கையை இழுத்துக்கொண்டார்.

"நான் நினைச்சேம்மா" என்றார்.

தங்கச்சியைப் பார்த்துத்தான் சொன்னார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் கண்ணைப் பார்த்தார். அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"தெரியும்ணா" என்றாள் கற்பகம்.

சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டு, மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய கூழ்க்குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வாண்ணா. தூக்கி வுடு."

அவர் இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அது நன்றாக நிலைத்துவிட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. பிடித்தபடியே தெருமுனை வரை அவள் கூட நடந்து போனார்.